மெயினை அணைத்த ஞாயிற்றுக்கிழமை

பெற்றோர் வைத்த பெயர் அவருக்குச் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. அந்த ஐந்து மாடி அலுவலகக் கட்டடத்தில் எல்லோருக்கும் அவர் காதுக்காரர். இருபத்தாறு வருஷமாக அங்கே எலக்ட்ரீஷியன். வராந்தாவில் போகிறவர் சட்டென்று நின்று, தலையைச் சாய்த்து, "இந்த ட்யூப்லைட்டோட சோக் இந்த வாரம் போயிடும்" என்பார். போய்விடும். ஒரு தடவை மூன்றாவது மாடிக் கூரைக்குள் ஒரு சோக் தீய ஆரம்பித்ததை, புகை கிளம்புவதற்கு முன்பே அதன் உறுமலை வைத்துக் கண்டுபிடித்தார். அன்றைக்கு மேனேஜர் எல்லோர் முன்னாலும் அவர் தோளில் கை போட்டார். அதிலிருந்து மனுஷருக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறிவிட்டது என்றால் பொய்யில்லை. டெஸ்டரைச் சட்டைப்பையில் அழகுக்குத்தான் குத்தியிருந்தார்.

கூட வேலை பார்த்தது அவருடைய மச்சான், மனைவியின் ஒரே தம்பி. பதினோரு வருஷத்துக்கு முன்னால் இவரே மேனேஜரிடம் சொல்லிச் சேர்த்துவிட்டார். இவருக்குக் காது என்றால் அவனுக்கு மீட்டர். எதையும் அளந்து பார்க்காமல் நம்ப மாட்டான்.

கரண்ட் பில் கழுத்தைப் பிடிக்க ஆரம்பித்ததும், பழைய ட்யூப்லைட் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு எல்.இ.டி. போடச் சொன்னார் மேனேஜர். பழசு நாற்பது வாட், அதற்கு மேல் சோக் தின்பது தனி. புதுசுக்குப் பாதி கூட வேண்டாம், சோக்கும் கிடையாது. ஒன்று, மூன்று, ஐந்து மாடிகள் காதுக்காரருக்கு. இரண்டும் நாலும் மச்சானுக்கு. ஏணியும் கையுமாக இரண்டு மாதம் கழுத்து ஒடிய வேலை செய்தார்கள். முடிந்த அன்று மேனேஜர் இருவரையும் கூப்பிட்டார்.

"பில் பாதியாகணும். ஆச்சுன்னா ரெண்டு பேரும் இருங்க. ஆகலைன்னா எங்கயோ வேலை சரியில்லைன்னு அர்த்தம். ஒருத்தருக்குத்தான் இனிமே இங்க வேலை."

பில் வந்தது. மூன்றில் ஒரு பங்குதான் குறைந்திருந்தது.

மச்சான் மாடி மாடியாக மீட்டரைத் தூக்கிக்கொண்டு அலைந்தான். "லைட் லைன்ல எல்லாம் சரியாத்தான் இருக்கு சார். மேல இருக்கற பழைய ஏசிதான் இழுக்குது" என்றான். ஏசியை மாற்றுவது யானைச் செலவு. அந்தப் பேச்சையே மேனேஜர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. காதுக்காரர் பக்கம் திரும்பினார். "நீங்க என்ன சொல்றீங்க?"

இங்கேதான் மனுஷர் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். "எங்கயோ ஒரு பழைய சோக் இன்னும் ஓடிட்டிருக்கு சார். எனக்குக் கேக்குது."

பொய் சொல்லவில்லை. வேலை முடிந்த நாளிலிருந்தே அவருக்கு அந்த 'ம்ம்ம்' கேட்டுக்கொண்டுதான் இருந்தது. முதல் மாடியில் கேட்டது, ஐந்தாவதில் கேட்டது, கக்கூஸில் உட்கார்ந்தாலும் கேட்டது. கட்டடம் முழுக்க இரும்புச் சட்டம், சத்தம் பரவுகிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

"அப்ப ஞாயித்துக்கிழமை மெயினை அணைச்சு ஒவ்வொரு மாடியா போட்டுப் பாத்துடுவோம்" என்றார் மேனேஜர்.

ஞாயிறு காலை, கட்டடத்தில் ஈ காக்கை இல்லை. படிக்கட்டின் அடியில் காதுக்காரரும் மேனேஜரும் நின்றார்கள். பக்கத்தில் இருந்த ஸ்விட்ச் ரூமில் மச்சான் மெயினை இறக்கினான். ஏசி, லிஃப்ட், விளக்கு, எல்லாம் அடங்கியது.

சத்தம் அடங்கவில்லை.

கரண்ட் இல்லாமல் எந்தச் சோக்கும் கத்தாது. அது காதுக்காரருக்குத் தெரியாததா? இருபத்தாறு வருஷமாக அவர் நாற்காலி கிடந்தது ஜெனரேட்டர் ரூம் வாசலில். காது எப்போதோ கெட்டிருக்கிறது. ஆயிரம் சோக் கத்தின வரைக்கும் எது வெளியே, எது உள்ளே என்று பிரித்துப் பார்க்க வழியில்லை. இப்போது வெளியே இருந்ததையெல்லாம் தன் கையாலேயே கழற்றி எறிந்துவிட்டார்.

"நின்னுருச்சா?" என்றார் மேனேஜர்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் காதுக்காரர் என்று ஒருவர் அங்கே இல்லை. ஐம்பத்து நாலு வயதில் வேறு எவன் கூப்பிட்டு வேலை கொடுப்பான்?

"நின்னுருச்சு சார்."

"ஒண்ணு போட்டாச்சு மாமா!" உள்ளேயிருந்து மச்சான் கத்தினான். காதுக்காரர் தலையை ஆட்டினார், இல்லை என்று. "ரெண்டு!" இல்லை. அந்த நேரத்தில் அவர் மனதில் யாரையும் மாட்டிவிடும் எண்ணம் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். "மூணு!" இல்லை. "நாலு மாமா!"

மிச்சம் இருந்தது ஐந்து. ஐந்து அவர் போட்டது.

கையைத் தூக்கினார்.

நாலாவது மாடிக்கு ஏறினார்கள். மேனேஜரே ஒவ்வொரு விளக்காகக் காட்டி மூடியைக் கழற்றச் சொன்னார். ஆறாவது விளக்குக்குள் ஒரு பழைய சோக் அப்படியே உட்கார்ந்திருந்தது. "இதோ!" என்றார் மேனேஜர், திருடனைப் பிடித்த மாதிரி.

மச்சான் ஏணியில் நின்றபடியே சிரித்தான். "சார், இது செத்த சோக். ஸ்க்ரூ துருப்பிடிச்சு வரல, ஒயரை வெட்டி டேப் சுத்தி விட்டுட்டேன். பாருங்க, இதுல கரண்டே போகல. எப்படி சத்தம் போடும்? மாமா, நீங்க சொல்லுங்க."

துருப்பிடித்தவற்றை அப்படித்தான் விடுவார்கள். காதுக்காரர் தன் மாடிகளிலேயே ஒரு டஜன் விட்டிருந்தார். மேனேஜருக்கு ஒயரைப் பார்த்து ஒன்றும் புரியாது. அவரும் காதுக்காரரைத்தான் பார்த்தார்.

"எனக்குக் கேட்டுச்சு சார்."

மச்சானின் சிரிப்பு நின்றது. ஏணியிலிருந்து இறங்கி, மீட்டரைப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினான். மாதக் கடைசியில் கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள்.

அடுத்த பில்லும் குறையவில்லை. ஒரு சம்பளம் மிச்சமாகிவிட்டதால் மேனேஜர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. வெட்கங்கெட்ட அமைதி அது, மேனேஜருக்கும் காதுக்காரருக்கும்.

இரண்டு மாதமாக மச்சான் அக்கா வீட்டுப் பக்கம் வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. ஒரு நாள் சாயங்காலம் மனைவி அவர் எதிரே வந்து உட்கார்ந்தாள். "ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. அன்னிக்கு உங்களுக்கு நெஜமாவே கேட்டுச்சா?"

"கேட்டுச்சு" என்றார்.

அவள் எழுந்து போய் மறுபடி தம்பிக்குப் போன் போட்டாள். இந்தத் தடவை எடுத்துவிட்டான்.

"கோவத்தை விடுடா" என்றாள். "தப்பு உன்னோடதுதான், ஒத்துக்கிட்டா என்ன குறைஞ்சிடும்? உன் மாமா பொய் சொல்ற ஆளா?"

அந்தப் பக்கம் அவன் என்னவோ சொன்னான். அவள் குறுக்கே பேசாமல் கடைசி வரை கேட்டாள். அப்புறம், "அவரைப் பத்தி இப்படிப் பேசறதா இருந்தா இனிமே எனக்குப் போன் பண்ணாத" என்று சொல்லி வைத்துவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவருக்குச் சாப்பாடு போட உள்ளே போனாள்.

காதுக்காரர் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்.