துப்பாக்கிக்குச் செக்கு எண்ணெய்

நியூ ஜெர்சிக்கு வந்த பதினான்கு வருடத்தில் நான் செய்த ஒரே அடங்காத காரியம், ஒரு நாட்டுத் துப்பாக்கி வாங்கியது. ஊரில் அதை வைத்திருந்தவர்களைப் பிடித்தார்கள் என்று செய்தித்தாளில் படித்ததோடு சரி. இங்கே அதற்கு வகுப்பு, லைசென்ஸ், தனி சீசன் எல்லாம் உண்டு. குழாயின் வாய் வழியாகக் கருமருந்தைக் கொட்டி, குண்டை வைத்து, கம்பியால் இடித்து இறக்க வேண்டும். அடியில் ஒரு சின்னத் துளை. அதன் மேல் தீபாவளிக் கேப் மாதிரி ஒன்று. விசையை இழுத்தால் கேப்பின் பொறி துளை வழியே உள்ளே போய் மருந்தைப் பற்றவைக்கும். ஒரு குண்டுதான். தவறினால் மறுபடி முதலிலிருந்து.

காரணம் மான். பார்சிப்பனியில் என் வீட்டுக் கொல்லையில் அவரை, கத்தரி, வெண்டை என்று எதைப் போட்டாலும் குடும்பத்தோடு வந்து மேய்ந்துவிட்டுப் போகும். நான் வேட்டைக்குப் போகிறேன் என்றதும், ஞாயிற்றுக்கிழமை காலை மட்டன் கடை வரிசையில் முதலில் நிற்கிற ஆன்ட்டிகள், "ஐயோ, பாவம் இல்லையா?" என்று நெஞ்சில் கை வைத்தார்கள். ஆடு என்ன பாவம் செய்ததோ தெரியவில்லை.

என் கணவர் ஒரு முறைகூடச் சுட்டதில்லை. ஆனால் துப்பாக்கியைப் பற்றி அவருக்குத் தெரியாதது எதுவும் கிடையாது. வீடியோ பார்த்தே கரைத்துக் குடித்தவர். "நீ போய் சுடு. மெயின்டனன்ஸ் நான் பாத்துக்கறேன்" என்று பொறுப்பை எடுத்துக்கொண்டார். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நன்றாகவே செய்தார். கருமருந்தின் கரி ஈரத்தை இழுக்கும், விட்டுவைத்தால் துரு ஏறிவிடும். அதனால் சுட்ட அன்றே வெந்நீரும் சோப்பும் விட்டுக் கழுவி, தன் பழைய வேட்டியைச் சதுரம் சதுரமாக வெட்டி, கம்பியில் சுற்றிக் குழாய்க்குள் விட்டு, துணி வெள்ளையாக வரும் வரை துடைப்பார். பிறகு மெல்லிசாக எண்ணெய். வீட்டில் ஒரு டம்ளரைக்கூட அவர் அப்படிக் கழுவி நான் பார்த்ததில்லை.

முதல் சீசனில் குறி தப்பியது. இரண்டாவதிலும் தப்பியது. மூன்றாவது சீசன் தொடங்கும்போது ஒப்பந்தம் போட்டார்: "இந்த வருஷமும் வெறுங்கையோட வந்தா, வித்துடலாம். ஓகேவா?" ரோஷத்தில் ஓகே என்றேன். பிறகுதான் உறைத்தது. மீட்டிங், சமையல், லாண்டரி எதுவும் துரத்தாமல் நான் தனியாக உட்கார்ந்திருப்பது வருடத்தில் அந்தச் சில நாட்கள்தான். அது போய்விடக் கூடாது என்று மனசு அடித்துக்கொண்டது.

சீசனின் கடைசி நாள், சனிக்கிழமை. முந்தின நாள் நான் சுட்டுப் பழகிவிட்டு வந்த துப்பாக்கியை அவர் சுத்தம் செய்து, "எல்லாம் பக்கா. நீ ஒண்ணும் தொடாத" என்று தந்தார். மருந்து போடும் முன் குழாய்க்குள் உலர்ந்த துணி ஒன்று விட்டுப் பார்ப்பது என் வழக்கம். அன்று விடவில்லை. கூட வேலை பார்க்கும் அமெரிக்கத் தோழியின் நிலத்தில், காட்டோரம், குளிரில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வந்தது. கொம்பு வைத்த ஆண் மான், நாற்பது அடியில், பக்கவாட்டில் அசையாமல் நின்றது. குறி பார்த்து விசையை இழுத்தேன்.

கேப் மட்டும் "டப்" என்றது.

அப்படி ஆனால் மருந்து தாமதமாகப் பற்றக்கூடும். துப்பாக்கியை இறக்காமல் ஒரு நிமிடம் நீட்டியபடியே பிடித்திருக்க வேண்டும் என்பது விதி. பிடித்திருந்தேன். மான் அந்த ஒரு நிமிடத்தையும் முழுதாகப் பயன்படுத்திக்கொண்டு, அவசரமே இல்லாமல் நடந்து போனது. பிறகு துளைக்குள் ஊசி விட்டேன். வெள்ளையாக, மெழுகு போல ஏதோ வந்தது. முகர்ந்தால் அவியல் வாசம்.

வீட்டுக்கு வந்ததும் ஊசியை அவர் மூக்குக்கு நேராக நீட்டினேன். "என்னங்க இது?"

கொஞ்சமும் கூசவில்லை. "செக்குல ஆட்டுன தேங்காயெண்ணெய். கம்ப்ளீட்லி நேச்சுரல். அந்தக் கடை ஆயில் எல்லாம் கெமிக்கல், தெரியுமா?"

"டிசம்பர்ல தேங்காயெண்ணெய் உறைஞ்சுடும்னு உங்களுக்குத் தெரியாதா? நம்ம பாத்ரூம்ல தினமும் பாக்கறீங்களே!"

"ஊத்தும்போது தண்ணி மாதிரிதான் இருந்துச்சு. நீதானே உருக்கிக் குடுத்த?"

உண்மைதான். வெள்ளிக்கிழமை சாயங்காலம், நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, கல்லாக உறைந்த பாட்டிலோடு வந்து, "இதைக் கொஞ்சம் உருக்கிக் குடேன்" என்றார். வெந்நீரில் நிற்கவைத்து, துடைத்து, கையில் கொடுத்ததே நான்தான். தலைக்கு என்று நினைத்துவிட்டேன். அந்தத் தலையில் முடி கொட்டிப்போய் ஏழு வருடம் ஆகிறது.

நியாயமாகப் பார்த்தால் அவரைத் திட்ட எனக்குப் பாதி உரிமைதான் இருந்தது. முழுசாகவே திட்டினேன். துப்பாக்கியை விற்கும் பேச்சை அதற்குப் பிறகு அவர் எடுக்கவே இல்லை.