சங்கிலிக்கு உள்ளே இருந்த மண்

பூங்கா திறந்த அன்று முதலில் உள்ளே போனவை கழுதைகள். நாடா வெட்ட வந்தவர் கத்தரிக்கோலைத் தேடிக்கொண்டிருக்கையிலேயே அவை கடற்கரைப் பக்கமாக நுழைந்துவிட்டன. புதிதாகப் பதித்த புல்லை முகர்ந்தன. தின்னவில்லை. சனம் சிரித்தது. முள்ளைக் கடித்து விழுங்கும் பிராணிக்குத் தண்ணீர் விட்டு வளர்த்த புல் ஏன் வேண்டாமாயிற்று என்று யோசித்தபடி நான் நின்றேன். ஒரு காரணமும் இல்லாமலிருக்கலாம். ஆனால் அந்த நிலத்தில் காரணமில்லாத எதையும் நான் கண்டதில்லை.

பேசாலைக்கும் மன்னார் பட்டினத்துக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் கரை. இந்த நிலத்தில் ஒரு காலத்தில் ஈயம் உருக்கினார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு நைலோன் வலையும் இயந்திரப் படகும் வந்து, வலைக்குக் கட்டும் ஈயக்குண்டுகளுக்குத் தேவை பெருகியபோது, வெளியூர் முதலாளி ஒருவர் போட்ட பட்டறை அது. பழைய பற்றரிகள் லொறியில் வரும். கோடரியால் உடைப்பார்கள். அமிலம் மணலுக்குள் போகும், ஈயம் சட்டிக்குள் போகும், புகை காற்று காட்டிய வீட்டுக்குள் போகும். அப்பா அந்தச் சட்டிக்குப் பக்கத்தில் நின்றவர். கடைசிக் காலத்தில் அவருடைய கைகள் மணிக்கட்டோடு தொங்கிப்போயின. பூசையில் பரலோக மந்திரம் சொல்லும்போது எல்லோரும் கைகளை விரிப்பார்கள். அப்பாவின் கைகள் ஈரச் சீலை போலச் சரிந்து கிடக்கும். ஊர் அதை வாதம் என்றது. வீட்டில் நாங்களும் வாதம் என்றே சொன்னோம்.

சண்டைக்காலத்தில் பட்டறை பாழானது. கூரையைக் கழற்றினார்கள், இரும்பைக் கழற்றினார்கள். உலை இருந்த மூலையில் தொழிலாளர் வைத்த அந்தோனியார் சுரூபம் மட்டும் அப்படியே நின்றது. நின்றதாலேயே ஊர் அதை நம்பியது.

சண்டை முடிந்து சில ஆண்டுகளில் அந்த நிலத்தைத் துப்புரவாக்கிப் பூங்கா போடும் திட்டம் வந்தது. முகமூடி போட்ட ஆட்கள் வந்தார்கள். மேல்மண்ணை வழித்தெடுத்து, தார்ப்பாய் மூடி, லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எங்கே கொண்டுபோய்க் கொட்டினார்கள் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. குழிக்குள் களிமண்ணைப் பரப்பி, மேலே வெள்ளை மணலும் செம்மண்ணும் போட்டு, கடல்வரைக்கும் கல் பதித்த நடைபாதை அமைத்தார்கள். மிஞ்சியது அந்த மூலை. வேலைக்குப் பொறுப்பாக வந்திருந்த இஞ்சினியர் பிள்ளை ஊர்க் கூட்டத்தில் எழும்பி, "சுரூபத்தைக் கொஞ்ச நாளைக்குக் கோயிலுக்குள்ள வைப்பம். அதுக்குக் கீழதான் மண் ஆகப் பழுது" என்றாள்.

பின்வரிசையிலிருந்த கிழவர் ஒருவர் கதிரையை விட்டு அசையாமலே பதில் சொன்னார்: "பிள்ளை, ஷெல்லுக்கே அசையாத மனுசன். உங்கட மெசினுக்கு அசைவாரோ?"

கூட்டம் சிரித்ததோடு அது முடிந்தது. மூலையைத் தொடாமல் விட்டு, சுற்றி வெள்ளைத் தூண் நட்டுச் சங்கிலி கட்டினார்கள். ஒரு பலகையும் வைத்தார்கள்: உள்ளே செல்ல வேண்டாம், மண்ணைத் தொட வேண்டாம். ஈயம் என்ற சொல் பலகையில் இல்லை. போட்டால் பூங்காவுக்கு ஆள் வராது என்று யாரோ நினைத்திருக்க வேண்டும்.

எங்கள் சனத்தை அறிந்தவர்கள் அந்தச் சங்கிலியைக் கட்டியிருக்க மாட்டார்கள். சங்கிலி கட்டிய இடம் எங்களுக்குப் பீடம். தொடாதே என்றால் அது புனிதம். மடு மாதா கோயில் மண்ணைப் பொட்டலமாகக் கட்டி அலுமாரிக்குள் வைத்து, காய்ச்சலுக்கும் விஷக்கடிக்கும் கரைத்துக் குடித்து வளர்ந்தவர்கள் நாங்கள். 'அரசாங்கமே காவல் போட்டு வைச்சிருக்கெண்டால் சும்மாவோ' என்று அந்தோனியாருக்கான செவ்வாய்க்கிழமைச் செபக் கூட்டத்தில் ஒருத்தி சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு செவ்வாயும் சங்கிலியைத் தாண்டின கால்கள். அந்தோனியாரின் பாதத்தடியில் ஒரு பிடி, இரண்டு பிடி. மெல்ல அங்கே ஒரு பள்ளம் விழுந்தது. மழை பெய்த மறுநாள் பள்ளத்தில் நின்ற தண்ணீர் கண்மை கரைத்தது போலிருந்தது.

அந்த மாதங்களில் என் தங்கச்சி வயிற்றில் பிள்ளையோடு இருந்தாள். முன்பு தங்கியவை இரண்டும் நிலைக்கவில்லை. கிளினிக்கில் மருத்துவமாது நடக்கச் சொன்னதால் பின்னேரங்களில் நடைபாதையில் இருவரும் நடப்போம். கடல் ஒரு பக்கம் வெளிறிக் கிடக்கும். எனக்குக் கால் ஓரிடத்தில் நிற்காது. அவளுக்கோ மூச்சு வாங்கும். மூலைக்கு வந்ததும் சுரூபத்தின் முன் நிற்பாள். கும்பிடுகிறாள் என்றுதான் நினைத்தேன்.

ஒருநாள் அவள் வீட்டுக் குசினியில் தண்ணீர் குடிக்கக் கிளாஸ் எடுத்தேன். அடியில் கறுப்பாக ஏதோ படிந்திருந்தது. விரலால் தொட்டேன். நெருநெருத்தது.

"இதென்ன?"

தங்கச்சி மாமியைப் பார்த்தாள். அரிசி புடைத்துக்கொண்டிருந்த மாமி, அவள் புருசனின் தாய்தான், தலை நிமிராமல், "அந்தோனியார் மண். விடிய வெறும் வயித்தில குடுக்கிறனான். இந்த முறையாவது நிக்கட்டும்" என்றார்.

அது மண் இல்லை, ஈயம் என்றேன். பட்டறைக் கழிவு என்றேன். வயிற்றுப் பிள்ளையின் மூளைக்குள் போகும் என்றேன். மாமி சுளகை ஒருமுறை தட்டினார்.

"உங்கட அக்கா எழுதுற ஆள் எல்லோ, பிள்ளை. எல்லாத்துக்குள்ளயும் நஞ்சைக் கண்டால்தான் அவவுக்கு எழுத வரும்."

தங்கச்சிக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பின் மேலேயே நான் கேட்டேன், அப்பாவின் கைகள் ஞாபகம் இருக்கிறதா என்று.

"அது வாதம்" என்றாள்.

"எங்க நிண்டு வந்த வாதம்?"

அவள் கிளாஸைப் பார்த்தாள். கை தானாக வயிற்றுக்குப் போனது. மாமியின் சுளகும் நின்றுவிட்டது. வெளியே காகங்கள் எதற்கோ சண்டைபிடித்துக்கொண்டிருந்தன.

மறுநாள் மன்னார் ஆசுபத்திரிக்குப் போனோம். இரத்தம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினார்கள். பதில் வந்தபோது டொக்டர் அதை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுப் பேசினார். இருக்கக்கூடாத அளவுக்கு இருக்கிறது, இனிக் குடிக்காமல் விட்டால் குறையும், பிள்ளையைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்ல ஏலாது என்றார். ஒன்றும் சொல்ல ஏலாது என்ற அந்த வார்த்தையோடு நாங்கள் பஸ்ஸில் வீட்டுக்கு வந்தோம். அது எங்களுக்கு நடுவில் உட்கார்ந்து வந்தது.

தங்கச்சியே பங்குச் சுவாமியிடம் போய், சுரூபத்தைக் கோயிலுக்கு எடுத்து அந்த மண்ணை அகற்ற விடச் சொல்லிக் கேட்டாள். வயிற்றோடு வந்து நிற்கிறவளுக்கு அவரால் இல்லையென்று சொல்ல முடியவில்லை. ஞாயிறு பூசையில் அறிவித்தார்: சுரூபம் கோயிலுக்கு வருகிறது, அந்த மண்ணை அள்ளிக்கொண்டுபோய் இடத்தைக் கொங்கிறீற்றால் மூடப்போகிறார்கள், அது உடம்புக்குக் கூடாத மண். மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னார். சனத்தின் காதில் விழுந்தது நடுவில் இருந்தது மட்டும்தான். மண் போகப்போகிறது.

பூசை முடிந்ததும் அவர்கள் வந்தார்கள். சொப்பிங் பையோடு, மா வைக்கிற தகரப் பேணியோடு, கோயிலுக்கு உடுத்த சீலையின் முந்தானையோடு. யாரும் தள்ளுப்படவில்லை. வரிசையாக, முக்காடு போட்டு, செபமாலை சொல்லியபடி அள்ளினார்கள். 'உங்களுக்கு விசுவாசம் குறைவு, அதுதான் மண் ஒத்துக்கொள்ளேல்ல' என்று ஒருத்தி தங்கச்சியிடம் பரிவோடு சொல்லிவிட்டுப் போனாள். மெசின் வந்தபோது அள்ளுவதற்கு அதிகம் மிஞ்சியிருக்கவில்லை. ஒரு மூலையில் கிடந்த நஞ்சு ஊர் முழுக்க அலுமாரிகளுக்குள் போய்விட்டது.

பிள்ளை பிறந்தாள். அழுதாள், பால் குடித்தாள், தவழ்ந்தாள். பேச்சு மட்டும் வரவில்லை. கூப்பிட்டால், தூரத்திலிருந்து கூப்பிட்டது போல, நேரமெடுத்துத் திரும்புவாள். மண்ணால்தானா என்று டொக்டரைக் கேட்டோம். சில பிள்ளைகள் பிந்தித்தான் பேசும், பொறுத்திருங்கள் என்றார்.

அயல்வீட்டுப் பெண்ணொருத்தி சின்னப் பொட்டலம் ஒன்றைக் கொண்டுவந்தாள். "இதைக் கரைச்சு நாக்கில தடவுங்கோ. வாய் திறக்கும்."

நான் வாயெடுக்குமுன் தங்கச்சி இரண்டு கையாலும் அதை வாங்கிக்கொண்டாள்.

"உங்களிட்ட இன்னும் இருக்கோ?" என்று அந்தப் பெண்ணைக் கேட்டாள்.

"கொஞ்சம் கிடக்கு."

"அதையும் தாங்கோ. எவ்வளவு கூடத் தந்தாலும் நல்லது. பிள்ளைக்கு நேர்த்திக்கடன்."

அந்தப் பெண் கண்கலங்கி, வீட்டிலிருந்ததை வழித்துக் கொண்டுவந்து தந்தாள். எறியச் சொன்னால் எந்த வீட்டிலும் எறிய மாட்டார்கள். பேசாத பிள்ளைக்கென்றால் கேட்கிற எல்லா வீட்டிலும் கொடுப்பார்கள். தங்கச்சி அதைக் கண்டுபிடித்துவிட்டாள்.

இப்போது பின்னேரங்களில் அவள் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வீட்டுப் படலையாகப் போகிறாள். பொய் சொல்கிறேனே என்று தொடக்கத்தில் அழுதாள். பிறகு அழவில்லை. வாங்கியதையெல்லாம் மூடியுள்ள தகரத்தில் அடைத்து வைக்கிறாள். நிறைந்த தகரத்தை அந்த இஞ்சினியர் பிள்ளை வந்து எடுத்துப் போகிறாள். சில வீடுகளில், முடிந்துவிட்டது என்கிறார்கள். முடிந்தது என்றால் குடித்து முடிந்தது. அப்படிச் சொல்லும் வீட்டில் தங்கச்சி உடனே திரும்புவதில்லை. உள்ளே பிள்ளைகள் விளையாடுகிறார்களா என்று பார்த்துக்கொண்டு நிற்பாள். யாராவது ஒரு பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாள். அது எவ்வளவு நேரத்தில் திரும்பிப் பார்க்கிறது என்று காத்திருப்பாள்.