தடத்துக்கு வெளியே போன பந்து

திருப்பூரில் எண்ணத் தெரிந்தவர்கள் என்று நாலு பேரைச் சொன்னால் அதில் கிட்டுசாமி ஒருவர். இதை அவரே சொல்லுவார். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, டெய்லருக்குப் பக்கத்தில் நின்று துணி மடித்துக் கொடுக்கும் கைமடி வேலைக்கு வந்தவர், இன்றைக்கு வீரபாண்டியில் சொந்தமாகப் பனியன் கம்பெனி வைத்துக் காதர்பேட்டை வியாபாரிகளைக் காக்க வைக்கிறார். கட்டி வைத்த பண்டலைக் கையில் தூக்கிப் பார்த்தே எத்தனை பீஸ் என்று சொல்லிவிடுவார். சொன்னால் சொன்னதுதான், யாரும் பிரித்துப் பார்க்க மாட்டார்கள். எனக்குப் படிப்புதான் இல்லை, கணக்கு இருக்கிறது என்று போகிற இடமெல்லாம் பேசுவார்.

அப்பேர்ப்பட்டவரைச் சம்பந்திக்கு முன்னால் தலைகுனிய வைத்ததும் அந்தக் கணக்குதான்.

மகள் தேஜஸ்ரீயை நல்லூர் அர்த்தநாரியின் மகன் நிதிஷுக்குப் பேசியிருந்தது. நிச்சயத்துக்கு உப்புச் சர்க்கரை மாற்ற நாள் குறிக்க வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை ராத்திரி காங்கயம் ரோட்டு ஹோட்டல் ஒன்றில் இரண்டு குடும்பமும் சாப்பிட்டுக்கொண்டே பேசுவதாக ஏற்பாடு. ஹோட்டலுக்குப் பின்னால் புதிதாக மினி கோல்ஃப் வந்திருக்கிறது, தாய்மார் வந்து சேர்வதற்குள் ஓர் ஆட்டம் போடலாம் என்றார்கள் சின்னவர்கள். அர்த்தநாரி நாலைந்து நிட்டிங் மெஷினோடு காலம் தள்ளுகிறவர், அதிகம் பேசாத மனுசர். நாம் யாரென்று இவருக்குக் காட்ட இது ஒரு சமயம் என்று கிட்டுசாமி வேட்டியை மடித்துக் கட்டினார்.

பச்சை விரிப்புப் போட்ட ஒன்பது தடங்கள். தடத்துக்கு இரண்டு பக்கமும் தாழ்வான பலகை, கடைசியில் ஒரு குழி. நடுவில் ஒன்றில் காற்றாடி, ஒன்றில் சிமெண்டுத் தவளை, ஒன்றில் மேடு. மட்டையால் பந்தைத் தட்டிக் குழியில் விழ வைக்க வேண்டும். டிக்கெட் கொடுத்த பெண் சட்டம் சொல்ல ஆரம்பித்தபோது கிட்டுசாமிக்குச் சாயப்பட்டறையிலிருந்து போன் வந்தது. யார் குறைவாக அடித்து முடிக்கிறார்களோ அவர்தான் ஜெயித்தவர் என்பதை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு நகர்ந்துவிட்டார். முழுக்கக் கேட்டுவிட்டு வரச்சொன்ன மகளிடம், பண்டல் எண்ணுகிறவனுக்குப் பந்து எண்ண ஒருத்தி சொல்லித் தர வேண்டுமா என்று சிரித்தார்.

அவரவர் அடியை அவரவர் சொல்ல, தேஜஸ்ரீ அட்டையில் எழுதினாள். முதல் தடத்தில் கிட்டுசாமி ஓங்கி அடித்த அடியில் பந்து பலகையைத் தாண்டிப் போய்த் தவளைக்குப் பக்கத்தில் விழுந்தது. எடுத்து வந்து மறுபடி முதலிலிருந்து தட்டினார். இரண்டு தட்டில் குழிக்குள் போயிற்று. ரெண்டு என்றார். தேஜஸ்ரீ அவரை ஒரு தரம் பார்த்துவிட்டு எழுதினாள்.

கிட்டுசாமியின் மனதில் கள்ளம் கிடையாது. கம்பெனியில் ஓட்டை விழுந்த பீஸும் கறை பட்ட பீஸும் செக்கிங் டேபிளிலேயே ஒதுங்கிவிடும், பாஸான பீஸ்தான் டெய்லர் கணக்கில் ஏறும். வெளியே போன பந்து ரிஜெக்ட். காற்றாடியில் பட்டுத் திரும்பி வந்ததும் ரிஜெக்ட். ஒழுங்காகப் போனது மட்டுமே அடி. இப்படியே தடத்துக்குத் தடம் சொல்லிக்கொண்டு வந்தார். அர்த்தநாரியோ வெளியே போன பந்தையும் சேர்த்து, அதற்கு மேல் தானாக ஒன்றைக் கூட்டி, ஆறுங்க என்றார். சேதாரத்தையும் எண்ணுகிறாரே, இந்த மனுசன் எப்படித் தொழில் பண்ணுகிறார் என்று கிட்டுசாமிக்குப் பரிதாபமாக இருந்தது.

ஐந்தாவது தடத்தில் அர்த்தநாரியின் பந்து பலகையோடு ஒட்டி நின்றுவிட்டது. அவர் குனிந்து அதைக் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

"ஏனுங்க சம்பந்தி, பந்தைக் கையில எடுத்து வெச்சா அது ஆட்டமுங்களா?" என்று கிட்டுசாமி சத்தமாகக் கேட்டார். பக்கத்துத் தடத்தில் ஆடிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நிதிஷ் ஏதோ சொல்ல வந்தான். அர்த்தநாரி அவனைப் பார்வையாலேயே அடக்கிவிட்டு, பந்தைப் பழையபடி பலகையோரம் வைத்து, தட்டுத் தடுமாறி அடித்து முடித்தார்.

கடைசியில் கிட்டுசாமிதான் ஜெயித்தார். ஜெயித்தவருக்கென்று ஒரு மஞ்சள் தொப்பி கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு போட்டோவும் எடுத்துக்கொண்டார். மட்டையைத் திருப்பிக் கொடுக்கும் இடத்தில் மகள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அப்பா, வெளிய போனதுக்கும் அடி உண்டுங்க. அதுக்கு மேல ஒன்னு தண்டமும் சேர்க்கோணும். பலகையோரம் நின்னா ஒரு மட்டைத் தலை அளவு தள்ளி வெச்சுக்கலாமுங்க. மாமா செஞ்சது சட்டந்தான்."

"அப்பறம் ஏங்கண்ணு நான் சொன்னதையே எழுதுன?"

"அவிங்க முன்னால உங்கள எப்படிங்கப்பா திருத்தறது? அவிங்க மூஞ்சியப் பாக்க முடியாமத்தான் எழுதிட்டே இருந்தேன்."

கிட்டுசாமிக்குக் காது சுட்டது. ஒவ்வொரு தடத்திலும் தான் எண்ணிக்கை சொன்னபோதெல்லாம் அர்த்தநாரி காற்றாடியைப் பார்த்துக்கொண்டு நின்றது இப்போதுதான் உறைத்தது. அது வேடிக்கை பார்த்தது அல்ல. எல்லாம் தெரிந்து, பெண் கொடுக்கிறவரின் மானத்துக்காகப் பேசாமல் நின்றிருக்கிறார். அப்படிப்பட்டவரைத்தான் ஊர் பார்க்கக் கேள்வி கேட்டாயிற்று. இனிச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எந்த வாக்கைக் கொடுத்தாலும், அந்த மனுசன் அதில் பாதியைக் கழித்துத்தானே எடுத்துக்கொள்வார்? நாளைக்குப் போனில் சொல்லிக்கொள்ளலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. மனம் ஒப்பவில்லை. ஹோட்டல் பக்கம் நடக்கத் தொடங்கியிருந்த அர்த்தநாரியைக் கூப்பிட்டுவிட்டார்.

"நான் எண்ணுனது தப்புங்க சம்பந்தி. உங்களைச் சொன்னதும் தப்புங்க. ஏமாத்தோணும்னு இல்லீங்க. கம்பெனியில ரிஜெக்டை எண்ண மாட்டோம், அந்தப் பழக்கம்."

"ரிஜெக்டுக்கும் நூல் செலவாயிருக்குமுங்களே" என்றார் அர்த்தநாரி.

தொப்பி இன்னும் தலையில் இருப்பது கிட்டுசாமிக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது, எடுத்தார். டிக்கெட் பெண்ணிடம் மட்டையைத் திரும்ப வாங்கி, கடைசித் தடத்தை மட்டும் மறுபடி ஆடுகிறேன் என்றார். வேண்டாமென்று நிதிஷ் தடுத்தும் கேட்கவில்லை. எல்லோரும் கேட்கும்படி ஒவ்வோர் அடியையும் வாய்விட்டு எண்ணினார். முதல் பந்து மேட்டில் ஏறித் திரும்பிக் காலடிக்கே வந்தது. ஒன்னு. அடுத்தது பலகையைத் தாண்டியது. ரெண்டு, தண்டத்தோட மூனு. தாண்டிய இடத்திலேயே வைத்துத் தட்டினார். நாலு. அஞ்சு. பந்து குழியின் விளிம்பில் உருண்டு தாண்டிப் போயிற்று. ஆறு. மறுபடி மட்டையை ஓங்கினார்.

அர்த்தநாரி வந்து மட்டையைப் பிடித்துக்கொண்டார். "நிறுத்துங்க சம்பந்தி. ஆறுலயும் விழலீன்னா ஏழுன்னு போட்டுட்டுப் போயிரலாம்னு சட்டமே இருக்குதுங்க."

தேஜஸ்ரீ ஏழு என்று எழுதினாள். இந்தத் தரம் தலையைக் குனியாமல் எழுதினாள். கிட்டுசாமி நீட்டிய தொப்பியை அர்த்தநாரி வாங்கி, தலையில் வைக்காமல் மடித்துச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

ஹோட்டலில் இலை போட்டதும் கிட்டுசாமியின் மனைவி தெய்வாத்தாள் யார் ஜெயித்தது என்று ஆசையாகக் கேட்டாள்.

"சம்பந்திதான்" என்றார் கிட்டுசாமி. இலையிலிருந்து கண்ணை எடுக்காமல், உப்புச் சர்க்கரைக்கு நாளையும் அவரே குறித்துச் சொல்லட்டும் என்றார்.