கருவாடு மடித்த அரிச்சுவடி

போன மாதம் ஒரு வாசகி எனக்கு எழுதியிருந்தார். பள்ளி விடுமுறையில் அவரும் மூன்று தோழிகளும் மலேசியாவில் கெடா மாநிலத்துத் தோட்டங்கள் சிலவற்றுக்குப் போய், பாலர் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கதை படித்துக் காட்டப் போகிறார்களாம். புக்கிட் செலம்பாவ் பக்கம் எப்படிப் போவது, என்ன கொண்டுபோவது என்று கேட்டிருந்தார். அதைப் படித்ததும் சந்தோஷமாக இருந்தது. அவர் கேள்வியை இந்த வலைப்பூவில் போட்டேன். கீழே ஒருவர் கருத்து எழுதினார்: "மூன்று வயதுப் பிள்ளைக்குப் புத்தகம் எதற்கு அம்மா? முதலில் விளையாடட்டும்."

எனக்கு எண்பத்தாறு வயது. ஒற்றை விரலால்தான் தட்டுகிறேன். இருந்தாலும் அந்த வரியைப் படித்தபின் சும்மா இருக்க முடியவில்லை. இதே பேச்சை இதே ஊர்ப் பக்கம் ஜப்பான்காரன் காலத்தில் கேட்டிருக்கிறேன். அதனால் இந்தப் பதிவில் 1943-இல் நான் போன பயணத்தை முதலில் சொல்கிறேன். வழியும் யோசனையும் கடைசியில் இருக்கின்றன. அவசரக்காரர்கள் நேராக அங்கே போகலாம். ஆனால் போகாதீர்கள்.

அப்போது எனக்கு இருபத்தொரு வயது. சுங்கை பட்டாணியில் ஒரு தமிழ்ப் பள்ளியில் சின்ன வகுப்புக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஜப்பான்காரர்கள் வந்ததும் பள்ளிக் கட்டடத்தில் சிப்பாய்கள் குடியேறினார்கள். நான் திகாம் பத்துவில் மளிகைக்கடை வைத்திருந்த என் அண்ணன் சபாபதி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஒருநாள் காலை கடைக்கு ஒரு பெண் வந்து கருவாடு கேட்டாள். அண்ணன் ஒரு தாளைக் கிழித்து மடித்துக் கொடுத்தார். அந்தத் தாளில் ஓர் ஆட்டின் படம் இருந்தது. படத்துக்குக் கீழே பெரிய எழுத்தில் 'ஆடு' என்று இருந்தது. அந்தப் பக்கத்தை நான் எத்தனை பிள்ளைகளுக்குக் காட்டியிருப்பேன்! ஓடிப்போய்க் கல்லாவுக்குப் பின்னால் பார்த்தேன். எங்கள் பள்ளியின் அரிச்சுவடிகள் இரண்டு கட்டுகளாகக் கயிறு போட்டுக் கிடந்தன. மேல்கட்டு பாதி கிழிந்திருந்தது.

"இது எப்படிண்ணே இங்க வந்துச்சு?"

"சோல்ஜர் வெளியே தூக்கிப் போட்டான். மழையில கெடந்துச்சு, எடுத்துட்டு வந்தேன். இப்ப பேப்பர் எங்க கெடைக்குது?"

"புள்ளைங்க புத்தகம்ண்ணே."

"புள்ளைங்க எங்க? பள்ளிக்கூடம் எங்க? புத்தகத்தை மட்டும் வச்சுக்கிட்டு என்னா செய்யிறது? பொழப்பப் பாரு லா."

"வாழையிலையில மடிங்க. தோட்டம் முழுக்க வாழை நிக்குது. அத வெட்டச் சோம்பேறித்தனம், புத்தகத்தக் கிழிக்கிறீங்க!"

அண்ணனை நான் எதிர்த்துப் பேசியது அதுவே முதல் தடவை. அவர் கையை ஓங்கினார், ஆனால் அடிக்கவில்லை. நான் இரண்டு கட்டுகளையும் ஒரு கோணிப்பையில் போட்டுக்கொண்டேன். அண்ணி வேகவைத்த மரவள்ளிக்கிழங்கை மேலே வைத்தார்.

எங்கே போவது என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை. என் பெரியம்மா மகள் அஞ்சலை அக்கா புக்கிட் செலம்பாவ் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் ஆயாவாக இருந்தாள். தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகும் கொட்டகையை அவள்தான் பார்த்துக்கொண்டாள். "இங்க புள்ளைங்க வாய் தொறக்குறதில்ல. நீ வந்து பாரு" என்று வண்டிக்காரர் மூலம் சொல்லியனுப்பியிருந்தாள். அதற்கு என்ன அர்த்தம் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

திகாம் பத்துவிலிருந்து சுங்கை பட்டாணிக்கு ஐந்து மைல். மறுநாள் விடிந்ததும் நடக்கத் தொடங்கினேன். பஸ் கிடையாது, பெட்ரோல் எல்லாம் ராணுவத்துக்கு. சைக்கிள்காரர்கள் டயருக்குப் பதிலாகக் கயிறு சுற்றி ஓட்டிப்போனார்கள். சுங்கை பட்டாணியில், அக்காவின் சேதி கொண்டுவந்த வண்டிக்காரர் முனியாண்டி அண்ணன் மாட்டுவண்டியுடன் நின்றிருந்தார். அங்கிருந்து தோட்டத்துக்குச் சுமார் ஒன்பது மைல். கூலி, பால் டின்னால் அளந்து இரண்டு டின் அரிசி. அந்த நாளில் அது பெரிய கூலி. ஆனால் வேறு வண்டி இல்லை.

ஊர் எல்லையில் காவல் சாவடி. வண்டியை விட்டிறங்கிச் சிப்பாய்க்குக் குனிந்து வணக்கம் வைக்க வேண்டும். நான் குனிந்தேன். முனியாண்டி அண்ணனும் குனிந்தார், ஆனால் தலையில் கட்டியிருந்த துண்டை எடுக்க மறந்துவிட்டார். சிப்பாய் அவரைக் கன்னத்தில் அறைந்தான். அவர் வயது அவனைப்போல் இரண்டு மடங்கு இருக்கும். பிறகு என் கோணியைக் கொட்டினான். ஓர் அரிச்சுவடியை எடுத்துத் தலைகீழாகப் புரட்டி, முகர்ந்து பார்த்து, கருவாட்டு நாற்றம் தாங்காமல் துப்பினான். போகச் சொன்னான். மண்ணில் கிடந்த புத்தகங்களை நாங்கள் இருவரும் பொறுக்கினோம்.

"இதுக்காம்மா அடி வாங்குனேன்?" என்று கேட்டார் முனியாண்டி அண்ணன். கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கொட்டகைக்குள் நுழைந்தபோதுதான் அஞ்சலை அக்கா சொன்னது புரிந்தது. கோணித் தொட்டில்களில் கைக்குழந்தைகள். பாயில் மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் இருபது பேருக்கு மேல். ஒரு சத்தம் இல்லை. சண்டை இல்லை, அழுகை இல்லை, 'அக்கா இவன் கிள்ளுறான்' இல்லை. அந்த வயதுப் பிள்ளைகள் அப்படி உட்கார்ந்திருந்து நான் பார்த்ததே இல்லை.

"என்னாக்கா, எல்லாத்துக்கும் காய்ச்சலா?"

"காய்ச்சல் இல்லடி. சயாமுக்கு ரயில் போட ஆள் புடிக்க லாரி வந்துச்சுல்ல, அன்னிக்கி அப்பன்காரனுங்கள ஏத்தும்போது புள்ளைங்க கத்துச்சுங்க. சோல்ஜர் துப்பாக்கிய நீட்டிட்டான். அதுலேருந்து அம்மாக்காரிங்க சொல்லி வச்சிருக்காங்க, சத்தம் போட்டா லாரி வரும்னு."

ஓரத்தில் ஒரு பெண் குழந்தை தன் பாவாடை நுனியைச் சப்பிக்கொண்டிருந்தது. பெயர் கண்ணம்மா, நான்கு வயது. அப்பா வீராசாமி அந்த லாரியில் போனவர். அன்றிலிருந்து அவள் ஒரு சொல்கூடப் பேசவில்லை என்றாள் அக்கா.

மறுநாள் காலை இன்னொன்றும் பார்த்தேன். தோட்டத்து ஆபீஸ் கணக்கரான கிராணி வந்தார். வெள்ளைக்கார துரை ஓடிப்போன பிறகு தோட்டத்தில் அவர் வைத்ததுதான் சட்டம். அவரைக் கண்டதும் பிள்ளைகள் எழுந்து வரிசையாகக் குனிந்தார்கள். "இச்சி, நி, சான்" என்று ஜப்பானிய மொழியில் எண்ணினார்கள். கண்ணம்மாவும் குனிந்தாள், ஆனால் எண்ணவில்லை. ஒரு ஜப்பான் அதிகாரி தோட்டத்தைப் பார்க்க வரப்போகிறாராம், அதற்குப் பயிற்சியாம். பசிக்கிறது என்று தாயிடம் சொல்லப் பயப்படும் பிள்ளைகளுக்கு எண்ண மட்டும் சத்தம் அனுமதி!

நான் அரிச்சுவடியை உடனே எடுக்கவில்லை. பேச்சே இல்லாத பிள்ளைக்கு எழுத்து எங்கே ஒட்டும்? அக்கா கிழங்கு உரித்தபோது பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தேன். இது தோல், இது கத்தி, ஐயோ கையில ஈ உட்காருது, ஈ எங்க, பிடி பிடி என்று. முதல்நாள் என்னைப் பைத்தியம்போலப் பார்த்தார்கள். பிறகு ஒருவன் காதில் ஓதுகிறமாதிரி "ஈ" என்றான். இன்னொருத்தி சிரித்தாள், உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். நான் அவள் கையை எடுத்துவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் தாள்களைக் கொண்டுவந்தேன். ஒரு பையன் 'ஆடு' பக்கத்தை வாங்கி நக்கினான். கருவாட்டு உப்பு. அக்கா கத்தினாள்: "பாத்தியா? அதுக்குப் பசி. ஒனக்கு எழுத்து! மொதல்ல வயிறு, அப்புறந்தான் மத்தது."

"வயித்தையும் காய வைக்கிறானுங்க, வாயையும் கட்டிட்டானுங்க. அவனுங்க ஒண்ணொண்ணாவா செய்றானுங்க?" என்று நானும் கத்தினேன். பிள்ளைகள் மிரண்டு பார்த்தார்கள். அன்று மாலை அக்காவும் நானும் கொட்டகைக்குப் பின்னால் புதிதாக ஒரு பாத்தி மரவள்ளி நட்டோம். பிள்ளைகளும் மண் அள்ளிப் போட்டார்கள்.

எங்கள் மொழியில் ஒரு சௌகரியம் இருக்கிறது. ஓர் எழுத்தே ஒரு சொல்லாக நிற்கும். பூ, ஈ, கை, தீ, வா, போ, தா. மூன்று வயதுப் பிள்ளைகூட ஓர் எழுத்தைப் பார்த்த கணமே ஒரு முழுச் சொல்லைப் படித்துவிட்ட ஆளாகிவிடும். கிழிந்த அரிச்சுவடிகளில் எங்கள் கையில் மிஞ்சிய பக்கங்களில் அந்த எழுத்துகளைத் தேடினோம். மணலில் குச்சியால் எழுதினோம். 'வா' எழுதினால் ஒரு பிள்ளை என்னிடம் ஓடி வரும். 'போ' எழுதினால் ஓடும். 'தா' எழுதினால் கையில் இருப்பதைக் கொடுக்க வேண்டும். கொட்டகையில் சத்தம் வந்துவிட்டது. கண்ணம்மா ஓடினாள், வந்தாள், கொடுத்தாள். பேச்சு மட்டும் இல்லை. 'தா' இருந்த தாளை அவள் திருப்பித் தரவில்லை, பாவாடையில் செருகிக்கொண்டாள்.

சத்தம் கிராணியின் ஆபீஸ்வரை போயிருக்கிறது. ஒரு நண்பகல் அவர் வந்து வாசலில் நின்றார்.

"யாரு நீ? யாரு ஒன்னைய விட்டது? அதிகாரி வர்ற நேரத்துல தமிழ்ப் பள்ளிக்கூடமா நடத்துற?"

"பள்ளிக்கூடம் இல்லைங்க. புள்ளைங்க பேசுதுங்க."

"பால்குடி மாறாததுக்கு எழுத்தா? இதுங்க நாளைக்கு மண்வெட்டி புடிக்கத்தானே போவுதுங்க. எதுக்கு வீண் வேலை?"

ஜப்பான்காரன் சொல்லவில்லை இதை. நெற்றி நிறையத் திருநீறு பூசிய தமிழர் சொன்னார். அவர் தாள்களைச் சேர்த்து அள்ளினார். கண்ணம்மா இடுப்பிலிருந்த தாளையும் பிடுங்கினார்.

அவள் அந்தத் தாளின் ஒரு முனையை விடவில்லை. அவர் இழுத்தார், தாள் கிழிந்தது. அப்போது அவள் அவரை அண்ணாந்து பார்த்து, "தா!" என்றாள்.

கரகரத்த குரல். பூட்டியிருந்த கதவு திறக்கிற சத்தம். "தா! தா! தா!" மற்ற பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். ரப்பருக்குப் பதில் அப்போது போட்டிருந்த மரவள்ளிக் காட்டிலிருந்து பகல் சாப்பாட்டுக்கு வந்துகொண்டிருந்த பெண்கள் அதைக் கேட்டு ஓடிவந்தார்கள், லாரி வந்துவிட்டதென்று நினைத்துத்தான். முன்னால் வந்தவள் பாக்கியம், கண்ணம்மாவின் அம்மா. மகளின் குரலை அடையாளம் கண்டுகொண்டு அப்படியே நின்றுவிட்டாள். பிறகு மண்வெட்டியோடு கிராணி முன்னால் வந்தாள்.

"புள்ள கேக்குதுல்லங்கய்யா. குடுங்க."

"எட்டிப் போ. அரிசிச் சீட்டுல ஒன் பேரை அடிச்சிருவேன்."

"அடிங்க. எம் புருசனையே லாரியில ஏத்திக் குடுத்தீங்க, அன்னிக்கிச் சும்மாதான நின்னேன்? இப்ப குடுங்க."

அவளுக்குப் பின்னால் பத்துப் பதினைந்து மண்வெட்டிகள் நின்றன. யாரும் ஓங்கவில்லை, நின்றார்கள், அவ்வளவுதான். கிராணி தாள்களைக் கீழே போட்டுவிட்டுப் போனார். ஆனால் மாலைக்குள் கங்காணி வந்து, நான் உடனே தோட்டத்தைவிட்டு வெளியேறாவிட்டால் அஞ்சலை அக்காவின் வேலை போய்விடும் என்றார். பாக்கியத்துக்கு அந்த மாத அரிசி கிடைக்கவில்லை. மற்ற பெண்கள் ஆளுக்கொரு பிடி போட்டார்கள் என்று பிறகு தெரிந்தது.

முனியாண்டி அண்ணனின் வண்டியில் திரும்பினேன். புத்தகங்களை அங்கேயே விட்டுவிட்டேன். வழி முழுக்க அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலித்ததுதான் ஞாபகம்.

வீராசாமி திரும்பவில்லை. சயாமுக்குப் போன அந்த லாரி ஆட்களில் இருவர்தான் அந்தத் தோட்டத்துக்குத் திரும்பி வந்தார்கள். சண்டை முடிந்து தோட்டப் பள்ளி திறந்ததும் கண்ணம்மா முதலாம் வகுப்பில் சேர்ந்தாள், வாயாடி என்று பெயரெடுத்தாள். வெள்ளைக்கார துரை திரும்பி வந்தார். கிராணி அதே மேசையில், அதே நாற்காலியில் உட்கார்ந்தார். ஒருவரும் அவரை ஒரு கேள்வி கேட்கவில்லை. இத்தனை வருடம் கழித்தும் எனக்கு இது ஆறவில்லை. ஆறவும் வேண்டாம்.

இனி யோசனை. சுங்கை பட்டாணியிலிருந்து புக்கிட் செலம்பாவ் இன்று காரில் அரைமணி நேரம்கூட ஆகாது. உள்ளே தோட்டச் சாலைகள் குறுகல், மோட்டார் சைக்கிள்கள் வேகமாக வரும், மெதுவாக ஓட்டுங்கள். காலையில் போங்கள், மதியத்துக்குமேல் பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள். தின்ன ஏதாவது எடுத்துப் போங்கள், வெறுங்கையோடு போய்ப் பாடம் நடத்தாதீர்கள். தரையில் உட்காருங்கள். புத்தகத்தைத் திறக்குமுன் பேசுங்கள், அவர்கள் சொல்வதை முழுதாகக் கேளுங்கள். ஒரே கதையைப் பத்துமுறை கேட்டால் பத்துமுறையும் படியுங்கள்.

சென்ற வருடம் அந்தப் பக்கம் ஒரு பாலர் பள்ளிக்கு என்னை அழைத்துப்போனார்கள். நன்கொடையாக வந்த படப்புத்தகங்களைக் கண்ணாடி அலமாரியில் அடுக்கிப் பூட்டி வைத்திருந்தார்கள். ஏன் என்று கேட்டேன். "சின்னப் பிள்ளைங்க, கிழிச்சிடும்மா" என்றார் பொறுப்பாளர். கிழிக்கட்டும், கிழித்தால் ஒட்டிக்கொள்ளலாம். நீங்கள் போகும் இடத்திலும் அப்படி ஓர் அலமாரி இருக்கும். சாவி யாரிடம் என்று கேளுங்கள். தேநீர் தருவார்கள், போட்டோ எடுக்கக் கூப்பிடுவார்கள். அந்த அலமாரி திறக்கும்வரை இடத்தைவிட்டு எழுந்திருக்காதீர்கள்.