வெளிநாட்டு அளவு லுங்கி

சர்வதேச சுற்றுலா வந்தால் ஒரு வட்டாரத்தின் பொருளாதாரம் நிலையாக வளரும் என்பதை எங்கள் வீட்டில் முதலில் நம்பியவர் என் அப்பா, எங்கள் வழக்கில் அத்தா. அதை அவருக்குச் சொன்னவர் மதுரையிலிருந்து வந்த ஒரு பேச்சாளர். சிவகாசியில் நடந்த வியாபாரிகள் கூட்டத்தில் அவர் வெகுநேரம் பேசினாராம். அத்தா அந்தக் கூட்டத்துக்குப் போனது சுற்றுலாவுக்காக அல்ல. கடையில் கரண்ட் இல்லை. மண்டபத்தில் ஜெனரேட்டரும் ஏசியும் இருந்தன.

"வெளிநாட்டுக்காரன் ஒருத்தன் ஊருக்குள்ள வந்து இறங்குனா ஆட்டோக்காரன், டீக்கடைக்காரன், பூ விக்கிற பொம்பள எல்லாரும் பொழைப்பாகளாம்ல," என்றார் அன்று சாப்பிட உட்கார்ந்தபோது.

"நம்ம ஊர்ல வந்து பாக்க என்ன இருக்கு?" என்று அம்மா கேட்டாள்.

அத்தா சோற்றைப் பிசைந்தார். "வெயில் இருக்கு," என்றார்.

எங்களுடையது எம். புதுப்பட்டிக்குப் போகிற ரோட்டில் ஒரு காட்டன் துணிக்கடை. லுங்கி, நைட்டி, துண்டு, பாவாடைத் துணி, அவ்வளவுதான். பட்டாசுக் கம்பெனிக்குள் நைலானோ பாலியஸ்டரோ உடுத்தியவர்களை விடமாட்டார்கள். அந்தத் துணி உடம்பில் உரசினால் கண்ணுக்குத் தெரியாமல் பொறி வரும். வெடிமருந்து பற்றிக்கொள்ள அது போதும். ஆகவே வேலைக்குப் போகிறவர்கள் எல்லாரும் காட்டன் வாங்கியாக வேண்டும். எங்கள் கடைக்குத் தனியாக விளம்பரம் தேவைப்படவில்லை. வெடிமருந்தே அதைப் பார்த்துக்கொண்டது.

பிறகு கம்பெனி வேன்கள் வந்தன. முன்பு சம்பள நாளில் எங்கள் கடைக்கு எதிரே பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டத்தில் பாதி உள்ளே வந்து துணியைத் தடவிப் பார்க்கும். வேன் வந்தபின் வீட்டு வாசலில் ஏற்றி வீட்டு வாசலிலேயே இறக்கிவிட்டார்கள். நைட்டி வியாபாரிகளும் அதே வழியாக ஊருக்குள் போய்த் தவணைக்குக் கொடுத்தார்கள். எங்கள் கடைமுன் நிற்க ஆள் இல்லை. அத்தா ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். நான் பி.காம். முடித்துவிட்டு அத்தாவைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன்.

துபாயில் இருந்த மச்சான், அதாவது அக்காவின் வீட்டுக்காரர், அங்கே ஒரு ஹோட்டலில் எனக்காகச் சொல்லி வைத்திருந்தார். பாஸ்போர்ட் வந்துவிட்டது. பீரோவில் அம்மாவின் சேலைகளுக்கு அடியில் கிடந்தது. வருஷ முடிவுக்குள் கடை எழுந்து நின்றால் நான் இங்கே, இல்லையென்றால் அங்கே. இதுதான் வீட்டில் முடிவானது. எனக்குப் போகப் பிடிக்கவில்லை. அத்தாவும் அம்மாவும் இருக்கிற ஊரில் இருக்கத்தான் ஆசைப்பட்டேன். அத்தாவுக்கும் என்னை அனுப்ப மனசில்லை. அவர் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. மச்சான் போன் பண்ணும்போதெல்லாம், "லைன் சரியாக் கேக்கல மாப்ள," என்று வைத்துவிடுவார்.

அப்படி இருக்கையில்தான் ஒருநாள் கடை வாசலில் ஒரு குட்டி ஏசி பஸ் வந்து நின்றது. உள்ளே முழுக்க வெளிநாட்டுக்காரர்கள். வேர்க்க விறுவிறுக்க இறங்கியவர் மதுரையைச் சேர்ந்த கைடு.

நடந்தது இது. மதுரைக்கு வருகிறவர்களைக் கன்னியாகுமரிக்குக் கூட்டிப்போகிற ஒரு டூர் கம்பெனி, நடுவில் சிவகாசியைச் சேர்த்திருக்கிறது. கம்பி மத்தாப்பு பேக்கிங் பண்ணுகிற இடத்தை மட்டும் தூரத்தில் நின்று பார்க்க ஒரு முதலாளி சம்மதித்திருக்கிறார். கேட்டில் இருந்த வாட்ச்மேன் சிகரெட், லைட்டர், செல்போன் எல்லாம் வாங்கி வைத்திருக்கிறார். செருப்பைக் கழற்றச் சொல்லியிருக்கிறார். அப்புறம் ஒருவருடைய கால்சட்டையை இரண்டு விரலால் பிடித்துத் தேய்த்துப் பார்த்திருக்கிறார். நைலான். எல்லாரும் நைலான். கைடு முதலாளியின் கடிதத்தைக் காட்டியிருக்கிறார். "லெட்டரு தீப்பிடிக்காதுங்க, டவுசரு பிடிக்கும்," என்று வாட்ச்மேன் எங்கள் கடைக்கு வழி சொல்லி அனுப்பிவிட்டார்.

அத்தா எழுந்து நின்றார். பேச்சாளர் சொன்ன நாள் இதுதான் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. "வாங்க, வாங்க, உக்காருங்க," என்றார். உட்கார ஒரே ஒரு ஸ்டூல்தான் இருந்தது.

எங்கள் லுங்கி அவர்களுக்கு முழங்காலைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போய் நின்றுகொண்டது. அத்தா ஒவ்வொருவர் இடுப்பிலும் கட்டிக் காட்டினார். கட்டியது நிற்கவில்லை. ஊக்கு குத்தலாமென்றால் இரும்புக்கும் கேட்டில் தடை. கடைசியில் பாவாடை நாடாவை வெட்டி எல்லாருக்கும் இடுப்பில் கட்டிவிட்டோம். அந்தம்மாக்களுக்கு நைட்டி. அதில் பெரிய பெரிய செம்பருத்திப் பூ போட்டிருந்தது. அந்தக் கோலத்தில் அவர்கள் பஸ் ஏறிப் போனபோது எதிர் டீக்கடையில் வடை கருகியது.

திரும்பி வந்தபோது மத்தாப்பைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. லுங்கியைப் பற்றித்தான் பேசினார்கள். யாரும் கழற்றிக் கொடுக்கவில்லை, வாங்கிக்கொண்டே போனார்கள். அத்தாவை நடுவில் நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள். அவர் பாஸ்போர்ட் போட்டோவுக்கு நிற்பதுபோல நின்றார்.

அதன்பின் அந்த பஸ் தவறாமல் வந்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை நேரத்தில் மட்டும் வர வேண்டாம் என்று கைடிடம் சொல்லிவிட்டோம். ஒருமுறை புகாரும் வந்தது. வேர்வையில் சாயம் இறங்கி ஓர் அம்மாவின் கால் இரண்டும் நீலமாகிவிட்டனவாம். ஹோட்டலில் டாக்டரைக் கூப்பிட்டுவிட்டார்களாம். அத்தா அதற்கு வருத்தப்பட்டார். பேச்சாளர் தரம் பற்றியும் ஏதோ சொன்னதாக அவருக்கு ஞாபகம் வந்தது.

எனவே சத்திரப்பட்டிக்குப் போனோம். அங்கே விசைத்தறிகளில் ஆஸ்பத்திரிகளுக்குப் பேண்டேஜ் துணி நெய்வார்கள். சாயமே இல்லாத வெள்ளையில், நைசாக, ஓரத்தில் மட்டும் மெல்லிய சிவப்புக் கரை வைத்து, சாதாரண லுங்கியைவிட நீளமும் அகலமும் கூட்டி நெய்துதரச் சொன்னார் அத்தா. தறிக்காரர் அளவைக் கேட்டுவிட்டு, "பாய், இது ஆளுக்கா, ஆனைக்கா?" என்றார்.

"பாரினுக்கு," என்றார் அத்தா.

அத்தா செய்த தப்பு இங்கேதான் இருக்கிறது. அதை எங்கள் ஊர்க்காரரால் மட்டும்தான் செய்ய முடியும். வெயில் காலத்தில் டூர் வராது, டிசம்பரில்தான் கூட்டம், வேண்டும்போது வாங்கிக்கொள்ளுங்கள் என்று கைடு படித்துப் படித்துச் சொன்னார். சிவகாசியில் அப்படி யாரும் தொழில் செய்ததில்லை. ஒருநாள் தீபாவளிக்கு வருஷம் பூராவும் பட்டாசு செய்கிற ஊர் இது. வருகிற வருஷத்துக் காலண்டரை இந்த வருஷ வெயிலிலேயே அடித்து அடுக்குகிற ஊர். சீசன் என்று ஒன்று இருந்தால் அதற்குமுன் சரக்கு கூரையைத் தொட வேண்டும். சுற்றுலாவுக்கும் சீசன் உண்டு என்று கேட்டதும் அத்தாவுக்கு அது சொந்தக்காரர் வீட்டு விசேஷம் போல ஆகிவிட்டது.

லோடு லோடாக வந்து இறங்கியது. கடை நிறைந்து, வீடு நிறைந்து, நாங்கள் பண்டல் மேலேயே படுத்தோம்.

"அவுக வரலைன்னா என்ன செய்வீக?" என்று அம்மா கேட்டாள்.

"தீபாவளி வராம இருக்குமா?" என்றார் அத்தா.

நானும் நம்பினேன். அந்தப் பண்டல்கள் விற்றால் நான் ஊரில் இருக்கலாம். பாஸ்போர்ட்டின் மேல் இன்னும் இரண்டு சேலையை எடுத்து வைத்தேன்.

தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால், எல்லாக் கம்பெனியிலும் வேலை உச்சத்தில் இருக்கிற சமயம், ஒரு மத்தியானம் கடை ஷட்டர் தானாக அதிர்ந்தது. எங்கள் ஊரில் பெரிய சத்தம் கேட்டால் என்ன சத்தம் என்று யாரும் கேட்பதில்லை. வெளியே வந்து புகை எந்தத் திசையில் என்று பார்ப்பார்கள். அத்தா பார்த்தார். அது டூர்க்காரர்கள் போகிற கம்பெனி அல்ல, வேறொன்று. ஆனால் அங்கே வேலை செய்தவர்களில் பலர் உடுத்தியிருந்தது எங்கள் துணிதான். 

பொழுது சாய எங்கள் பழைய வாடிக்கைக்காரம்மா ஒருவர் கடைக்கு வந்தார். அவருடைய வீட்டுக்காரர் பெரியாஸ்பத்திரியில் இருந்தார். அந்தம்மா அழவில்லை. கடைக்கு வந்த மாதிரியே கேட்டார்.

"அண்ணே, தீப்புண்ணுல ஒட்டாத மாதிரி வெள்ளைத் துணி இருக்கா? நைசா, அகலமா. வேட்டி அகலம் போத மாட்டேங்குது."

அத்தா ஒரு பண்டலை இறக்கிப் பிரித்தார். உள்ளேயிருந்து வந்த அம்மா துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இருங்க, கஞ்சி போட்டிருக்கு, குத்தும்," என்றாள். அந்த ஒன்றை உடனே வெந்நீரில் அலசி, பிழிந்து, ஃபேனுக்கு அடியில் பிடித்துக் காயவைத்துக் கொடுத்து அனுப்பினாள். அந்தம்மா போய்ச் சொல்லியிருக்க வேண்டும். அடுத்து வேறு ஆட்கள் வந்தார்கள். அடுத்த நாள் எங்கள் மொட்டைமாடியிலும் பக்கத்து வீட்டு மாடியிலும் சிவப்புக் கரை லுங்கிகள் காய்ந்தன. காயக் காய ஷேர் ஆட்டோவில் ஏற்றிவிட்டோம். பில் புத்தகத்தை அத்தா தொடவே இல்லை.

"டிசம்பருக்கு என்னத்தா செய்ய?" என்று நான் கேட்டேன்.

"நம்மாளுக கட்டினா நீளம்லே," என்றார். "படுத்துக்கிட்டா நீளம் தெரியாது."

எனக்குக் கோபம் வந்தது. நான் ஊரில் இருக்க இருந்த ஒரே வழியை அவர் துவைத்துக் காயப்போடுகிறார் என்றுதான் தோன்றியது. மறுநாள் ஒரு லோடோடு நானே ஆஸ்பத்திரிக்குப் போனேன். வரிசையாகக் கட்டில்கள். கட்டிலுக்குக் கட்டில் எங்கள் சிவப்புக் கரை. அதற்குக் கீழே இருந்தவர்களை நான் சரியாகப் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை. வெளியே வந்து ஆட்டோ சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதேன். கோபம் அங்கேயே எங்கோ கழன்று விழுந்திருக்க வேண்டும். அந்த வாடிக்கைக்காரம்மாவின் வீட்டுக்காரர் பிழைத்துக்கொண்டார். எல்லாரும் பிழைக்கவில்லை.

வெளியாட்கள் யாரையும் கம்பெனிக்குள் விடக்கூடாது என்று அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். நியாயம்தான். கைடு போன் செய்து துக்கம் விசாரித்தார். பிறகு, சிவகாசிக்குப் பதிலாக ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டுகிற இடத்தைச் சேர்த்துவிட்டதாகச் சொன்னார். பால்கோவாவை எந்தத் துணி உடுத்திக்கொண்டும் போய்ப் பார்க்கலாம்.

தீபாவளி முடிந்து கொஞ்ச நாளில் அம்மா சேலைகளை விலக்கிப் பாஸ்போர்ட்டை எடுத்தாள். பெட்டி கட்டும்போது அத்தா, மிச்சமிருந்த ஒரு லுங்கியைக் கொண்டுவந்து மேலாக வைத்தார். "பாரினுக்குன்னு நெய்ஞ்சது. அங்கன போகட்டும்," என்றார். லைன் சரியாகக் கேட்கவில்லை என்று அதன்பின் மச்சானிடம் அவர் சொன்னதில்லை.

துபாயில் கடலை ஒட்டிய ஹோட்டல். எனக்கு லாண்டரியில் வேலை. உலகத்தில் உள்ள எல்லா நாட்டுச் சுற்றுலாப் பயணிகளுடைய துணியும் என் கை வழியாகப் போயிற்று. மாதாமாதம் என் சம்பளம் வீட்டுக்குப் போனது. அதில் கடை வாடகை போனது, அம்மாவின் மருந்து போனது, அத்தா ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருக்க ஒரு கடை இருந்துகொண்டே இருந்தது. சர்வதேச சுற்றுலா எங்கள் குடும்பப் பொருளாதாரத்தை நிலையாக வளர்த்தது. அந்தப் பேச்சாளர் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. எந்த ஊரில் இருந்துகொண்டு வளர்க்கும் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. கூட்டத்தில் யாரும் கேட்கவும் இல்லை போலிருக்கிறது.

அந்த லுங்கி எனக்கும் நீளம்தான். நாலு பேர் தங்கிய அறையில், என் அடுக்குக் கட்டிலில் அதை விரித்துக்கொண்டேன். படுத்தால் நீளம் தெரியவில்லை.

அந்தப் புதுவருஷத்தில் ஹோட்டல் கடற்கரையில் வாணவேடிக்கை விட்டார்கள். மறுநாள் போன் கார்டு வாங்கி ஊருக்குப் பேசினேன். அம்மா சாப்பாட்டைப் பற்றிக் கேட்டாள். பிறகு அத்தா வாங்கினார்.

"அங்கன டூரிஸ்ட்டு வாராகளா?"

"தினமும் வாராக அத்தா."

"அம்புட்டுப் பேரும் வேட்டு பாக்க வந்தாகளோ?"

"ஆமாத்தா. மணல்ல வந்து நின்னாக."

"என்ன துணி உடுத்தியிருந்தாக?"

"நைலான்தான்."

 

"தள்ளி நிக்கச் சொல்லக் கூடாதாலே?" என்றார். "ஆமா, நீ என்ன உடுத்தியிருந்த?"

ஹோட்டல் யூனிபாரம். அப்போதும் அதைத்தான் போட்டிருந்தேன். சட்டைக் கையை இரண்டு விரலால் பிடித்துத் தேய்த்துப் பார்த்தேன். பார்க்காமலே தெரியும், நான் கடைக்காரன் மகன். முழுப் பாலியஸ்டர்.

"காட்டன்தான் அத்தா," என்றேன்.