ரமாபாய் இறங்க நினைத்த இடம்

வருஷா வருஷம் ரயில்வே பாஸ் கிடைத்ததால் ரமாபாய் பார்க்காத பெரிய ஊர் குறைவு. கணவன் பீம்ராவ் பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸில் தச்சு வேலை பார்த்தான். அந்தப் பாஸில் இருவரும் நாக்பூர், ஹவுரா, டெல்லி எல்லாம் போய் வந்தார்கள். ஆனால் வியாசர்பாடி வீட்டுக்குத் திரும்பியபின் அவள் பேசியதெல்லாம் ஓர் ஏரியைப் பற்றித்தான்.

ஆந்திர எல்லைக்குள் சூலூர்பேட்டையைத் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் அது ஜன்னலில் வரும். தண்டவாளத்தை ஒட்டிப் பரந்த தண்ணீர், கரையில் பனைமரங்கள், தண்ணீருக்கு நடுவே அசையாமல் நிற்கும் நாரைகள். கரையோடு ஒரு மாட்டுப்பாதை வளைந்து போகும். அது எங்கே போய் முடிகிறது என்று அவள் எட்டிப் பார்ப்பதற்குள் ரயில் கடந்துவிடும்.

“இங்க ஒருவாட்டி எறங்கணும்யா.”

“மெயிலு வண்டிமே இது. நீ கைய காட்னா நிக்குமா?”

ஒவ்வொரு பயணத்திலும் இந்தப் பேச்சு நடக்கும். பீம்ராவ் சிரித்துவிட்டுப் பேப்பரைப் பிரிப்பான். அவள் சிரிக்கமாட்டாள். திருவொற்றியூரில் ஒரு தீப்பெட்டிக் கம்பெனியில் அவளுக்கு வேலை. சங்கு ஊதினால் உள்ளே போக வேண்டும், மறுபடி ஊதினால் வெளியே வர வேண்டும். வாழ்க்கையில் தானாக நினைத்து ஓரிடத்தில் நின்றதே இல்லை என்று அவளுக்குத் தோன்றும். அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் ஏரியைச் சொன்னாள்.

பீம்ராவ் ஓய்வு பெற்ற வருஷம், வந்த பணத்தில் அவன் வாங்கிய பழைய மெட்டடார் வேன் ஒன்று அவர்கள் தெருவுக்குள் வந்து நின்றது. முன்பு ஒரு பேக்கரிக்கு ரொட்டி சுமந்த வண்டி. கதவைத் திறந்தால் பன் வாசனை அடித்தது. மழைக்காலம் முழுக்க அவன் அதற்குள்ளேயே கிடந்தான். ஆயுசு முழுக்க ரயில் பெட்டிகளுக்குப் பூட்டிய மாதிரியே, சங்கிலியில் தொங்கும் படுக்கைப் பலகை ஒன்றைப் பூட்டினான். ஸ்டவ் வைக்க மேடை, குழாய் வைத்த தண்ணீர் டிரம். பக்கவாட்டில் ஒரு பெரிய ஜன்னல்.

“பசிச்சா நிறுத்து, தூக்கம் வந்தா நிறுத்து. யாரையும் கேக்கத் தேவல. இன்னா சொல்றே?”

ரமாபாய் வேனுக்குள் ஏறினாள். ஜன்னல் கண்ணாடியை நகர்த்தித் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள்.

பூனையை என்ன செய்வது என்பதுதான் பாக்கி. கம்பெனியில் மரச்சில்லுக் குவியலுக்குள் கிடந்த குட்டி அது. ஒல்லியாக இருந்ததால் குச்சி என்று பேர் வைத்து எடுத்து வந்திருந்தாள். மகள் எழில்மொழி வீட்டில் விடலாம் என்றால் மருமகனுக்கு இளைப்பு, பூனை முடி ஆகாது.

“நம்மகூட வரட்டும்யா. அதுவும் நாலு எடத்த பாக்கட்டும்” என்றாள்.

பொங்கல் கழிந்த வெள்ளிக்கிழமை கிளம்பினார்கள். கூடைக்குள் இருந்த குச்சி மாதவரம் தாண்டும்வரை ஊரைக் கூட்டிக் கத்தியது. மூடியைத் திறந்துவிட்டதும் ஸ்டியரிங்குக்கு முன்னால் ஏறி, கண்ணாடியை ஒட்டிப் படுத்துக்கொண்டது. எதிரே வந்த லாரிக்காரர்கள் அதைப் பார்த்து ஹாரன் அடித்தார்கள். ஒவ்வொரு ஹாரனுக்கும் அது காதை மட்டும் திருப்பியது.

ஆனால் ஏரி கிடைக்கவில்லை. ரயிலிலிருந்து பார்த்த இடம் ரோட்டிலிருந்து தெரியவே இல்லை. தெலுங்கில் விசாரித்துப் பார்த்தார்கள். கை காட்டியவர்களெல்லாம் வேறு வேறு ஏரிகளைக் காட்டினார்கள். அன்றிரவு ஒரு பெட்ரோல் பங்கு ஓரம் படுத்தார்கள். மறுநாளும் பகல் முழுக்கச் சுற்றினார்கள். சாயங்காலம் ஒரு ரயில்வே கேட்டில் காத்திருந்தபோது பீம்ராவ் இறங்கி கேட்கீப்பரிடம் தானும் ரயில்வேதான் என்று சொல்லிப் பேச்சுக் கொடுத்தான். அந்த ஆள், பேர் ராசையா, சிரித்துக்கொண்டே தன் குடிசைக்குப் பின்னால் கை நீட்டினான். பனைமரங்களுக்கு இடையில் தண்ணீர் மின்னியது.

ரமாபாய் செருப்பைக் கழற்றிவிட்டுக் கரையில் நடந்தாள். தண்ணீரில் நாரைகள் நின்றன. கொஞ்ச நேரத்தில் ஒரு மெயில் வண்டி வந்தது. ஜன்னல் ஜன்னலாக முகங்கள் அவளைப் பார்த்துக்கொண்டே போயின. ஒரு பெண் கையைக்கூட ஆட்டினாள். கடைசிப் பெட்டி மறையும்வரை ரமாபாய் பதிலுக்குக் கையாட்டினாள்.

அந்த இரைச்சலில் குச்சி வேனிலிருந்து குதித்து ஓடிப்போனது. இவர்கள் திரும்பி வந்தபோது கூடை காலியாகக் கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தேடினார்கள். ரமாபாய் கருவாட்டைச் சுட்டு அந்த மாட்டுப்பாதை நெடுக வைத்தாள். பாதை ஒரு வேர்க்கடலைக் கொல்லையில் போய் முடிந்தது. கொல்லைக்கு அப்பாலும் கூப்பிட்டுப் பார்த்தாள். பூனை வரவில்லை.

“நாளிக்கு உனுக்கு மொத ஷிப்ட்டுமே. நீ பஸ் ஏறிப் போ. நான் இருந்து தேடிக்கினு வர்றேன்.”

“அது இல்லாம நான் வூட்டுக்கு வரமாட்டேன்.”

திங்கட்கிழமை சங்கு ஊதும் நேரத்தில் அவள் கரையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். மூடுபனி தண்ணீரை விட்டு எழும்பியது. ராசையாவின் மனைவி கடலைச்செடிகளோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். இருவரும் அரைகுறைத் தெலுங்கிலும் தமிழிலும் பேசியபடி கடலை உரித்தார்கள். இருட்டும்வரை அங்கேயே இருந்தார்கள்.

செவ்வாய் விடியலில் குச்சி தானாக வந்தது. ராசையாவின் வைக்கோல் போரிலேயே இருந்திருக்கிறது. உடம்பெல்லாம் வைக்கோல். ரமாபாய் அதை மடியில் போட்டுத் துடைத்தபடி அழுதாள். பூனை கிடைத்த சந்தோஷம் என்று பீம்ராவ் நினைத்தான். ஊர் திரும்பும் வழியில் வேன் தடாவைத் தாண்டிய பிறகுதான் அவள் வாயைத் திறந்தாள்.

“நெஜத்தச் சொல்லவா? அது காணோம்னு பதறிக்கினேதான் இருந்தேன். ஆனா உள்ளாற எங்கியோ, இன்னும் ஒரு நாளு வராம இருக்கட்டுமேன்னு இருந்துச்சியா. எப்பேர்ப்பட்ட பாவி நானு.”

அவன் வண்டியை ஓரங்கட்டினான். “எனுக்குந்தான்மே” என்றான்.

கம்பெனியில் சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் கத்தினார். அவள் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள். அடுத்த லீவு கிடைப்பதற்குள் பீம்ராவுக்குச் சர்க்கரையால் வலது கால் மரத்துப்போனது. பிரேக்கை மிதிப்பதே அவனுக்குத் தெரியவில்லை. வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மெட்டடார் தெருவில் நின்றது. அதன் மேல் மணலி ஆலைகளின் தூசி படிந்தது.

குச்சி சீக்கிரமே எல்லாவற்றையும் மறந்துவிட்டது. ரமாபாயால் முடியவில்லை. வேலை விட்டு வந்தால் வேனுக்குள் ஏறி, ஸ்டவ்வைப் பற்றவைத்து அங்கேதான் டீ போடுவாள். ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டுச் சுவரும் ஒரு கழிவுநீர்க் குழாயும் தெரியும். பீம்ராவ் காலை இழுத்துக்கொண்டு வந்து படியில் உட்காருவான்.

“இன்னாமே, வூடு இருக்கசொல்லோ இங்க இன்னா பண்றே?”

“கண்ண மூடிக்கினா அந்தத் தண்ணி தெரியுதுய்யா. வூட்ல தெரிய மாட்டேங்குது.”

அவன் மரத்துப்போன காலைத் தடவினான். பிறகு சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினான். “என் காலுதான் போச்சு. உன் காலு நல்லாத்தான கீது?”

ஐம்பத்திரண்டு வயதில் ரமாபாய் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்டப் பழகினாள். எண்ணூர் ரோட்டில் கண்டெய்னர் லாரிகள் பின்னால் நின்று அலறும். வண்டி குலுங்கி அணைந்துபோகும். பீம்ராவ் பக்கத்தில் உட்கார்ந்து, “பயப்படாதே, கிளச்ச மெல்ல வுடு” என்பான். ஒரு வருஷம் கழித்து அவளுக்கு லைசென்ஸ் கிடைத்தது. அடுத்த ஜனவரியில் நாலு நாள் லீவு சொல்லிவிட்டு, அவளே கும்மிடிப்பூண்டியைத் தாண்டி வடக்கே, அந்த ஏரிக்கு ஓட்டிப் போனாள்.