முனிரத்தினம் போட்ட கழுத்து

முடிச்சூர் முனிரத்தினம் செய்த கதவு ஐப்பசி அடைமழையிலும் இறுகாது. எங்கள் இரும்புலியூர் வரிசை வீடுகளில் மழைக்காலம் வந்தால் எல்லோரும் தோளால் இடித்துத்தான் கதவைத் திறப்பார்கள். எங்கள் வீட்டுக் கதவு மட்டும் ஒரு விரலுக்குத் திறக்கும். எண்பத்தொன்பதில் என் கிட்டார் செத்துப்போனபோது நான் அவரிடம் ஓடியதற்கு அது ஒன்றுதான் காரணம்.

செத்ததற்குக் காரணம் நான்தான். கத்திரி வெயில், தலைக்கு மேல் ஆஸ்பெஸ்டாஸ் கூரை. கம்பிகளைத் தளர்த்தாமல் பரண் மேல் போட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டேன். பத்து நாள் கழித்து வந்து பார்த்தால் கழுத்து முன்பக்கம் வளைந்து, கம்பிக்கும் பலகைக்கும் நடுவே என் சுண்டுவிரல் போகிறது. ஏற்கெனவே ஒன்பது வருஷம் விரல் பட்டுப் பட்டு அந்தப் பலகை குழி விழுந்து கிடந்தது. மவுண்ட் ரோடில் ஒரு கடையில் காட்டினேன். "தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கிக்கம்மா" என்றான். நர்சரி பள்ளிக்கூட டீச்சர் அருள்மேரிக்குப் புதுசு வாங்க வக்கிருந்தால் உன்னிடம் ஏன்டா வருகிறேன் என்று வாய்வரை வந்தது.

என் பயமெல்லாம் ஏகநாதன் சார்தான். தாம்பரத்தில் மெல்லிசைக் குழு நடத்தியவர். கிட்டார் வாசிக்கிற பெண் என்று என்னைச் சேர்த்துக்கொண்டு நாலு வருஷமாகக் கல்யாணம், கோயில் திருவிழா என்று மேடையேற்றியவர். அவர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்: "அடுத்த மாசம் திருநீர்மலைல ஒரு ரிசப்ஷன். அன்னைக்கு உன் கிட்டார் சரியா இல்லேன்னா, பல்லாவரத்துல ஒருத்தன் ரெடியா இருக்கான். அப்புறம் அவன்தான் பர்மனென்ட்." மூன்று வாரம்தான் இருந்தது. மேடை போய்விட்டால் எனக்கு என்ன மிச்சம்? அ, ஆ எழுதிப்போடுகிற கரும்பலகை மட்டும்தான்.

முனிரத்தினத்துக்குக் காது கேட்காது. அப்பாவின் நிலம் மனையானபோது கூடப் பிறந்தவர்கள் எல்லாம் மோட்டார் பைக்கில் ஏறி மனை காட்டப் போனார்கள். இவர் பத்தொன்பது வயதில் பெருங்களத்தூர்ப் பக்கம் ஒரு மர மில்லில் சேர்ந்தார். பதினேழு வருஷம் ரம்பத்தின் பக்கத்திலேயே நின்றதில் இரண்டு காதும் போயிற்று. காது கேட்காதவனை ரம்பத்துக்குப் பக்கத்தில் விடமுடியாது என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். என்ன நியாயம் பாருங்கள்! காதைத் தின்றதே அந்த ரம்பம்தான். வேறு ஆளாக இருந்தால் மூலையில் உட்கார்ந்து புலம்பியிருப்பான். இவர் வீட்டை ஒட்டித் தகரக் கொட்டகை போட்டு, கூடுவாஞ்சேரி வரைக்கும் முளைத்த புது வீடுகளுக்குக் கதவும் நிலையும் செய்ய ஆரம்பித்துவிட்டார். இழைப்புளி சரியாக ஓடுகிறதா என்று இடது உள்ளங்கையை மரத்தில் வைத்துத் தெரிந்துகொள்வார்.

நான் நீட்டிய கிட்டாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத்த நான் தொட்டதே இல்லம்மா. ஆனா மரம்தானே?" என்றார். தன் குரல் தனக்குக் கேட்காததால் எதையும் உரக்கத்தான் சொல்வார்.

பசை இளகட்டும் என்று வெந்நீர்த் துணி சுற்றிச் சுற்றிப் பழைய கழுத்தைக் கழற்றினார். சேலையூரில் இடித்த ஒரு பழைய வீட்டின் தேக்கு நிலையிலிருந்து புதுக் கழுத்து செதுக்கினார். "அம்பது வருசம் வெயிலும் மழையும் பாத்த கட்ட. இனிமே இது எங்கம்மா வளையப்போவுது?" விரல் வைக்கிற பலகைக்குக் கருங்காலி வேண்டும் என்று வீட்டுக்குள் போனவர், மனைவி கங்கையம்மாளின் கருங்காலி உலக்கையைத் தூக்கிவந்து நட்டநடுவில் பிளந்துவிட்டார். அந்த அம்மாள் வாசலில் நின்று தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ, என் ஒலக்கைய! இனிமே மாவு எதுல இடிக்கறது, உன் தலையிலயா?" அது அவர் காதில் விழாதது நல்லதாயிற்று.

பலகையில் குறுக்கே பதிக்கிற பித்தளை மெட்டுகளின் இடத்தைப் பழைய பலகையில் இருந்தபடியே ஒரு மூங்கில் பட்டையில் கோடு கிழித்து எடுத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை எல்லாம் தயார். வாசலில் நிலை வைப்பதுபோல் கழுத்துக்கும் மஞ்சள் குங்குமம் வைத்து, ராகு காலம் போகட்டும் என்று என்னை ஒன்றரை மணி நேரம் உட்காரவைத்தார். ஞாயிறுதோறும் சர்ச்சில் வாசிக்கிறவள் நான். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கம்பி பூட்டி மீட்டினேன். தகரத்தைச் சுரண்டுகிற மாதிரி ஒரு கிர்ர்! எந்தக் கம்பியைத் தொட்டாலும் கிர்ர். ஒரு கண்ணை மூடி, நூல் பிடித்துப் பார்த்து, கதவு நிலைக்கு எப்படியோ அப்படியே இம்மி பிசகாமல் நேராக இழைத்து வைத்திருக்கிறார் மனிதர். கிட்டார் கழுத்துக்கு மயிரிழை வளைவு வேண்டும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? வாசிக்கிற எனக்கே அதைச் சொல்லத் தோன்றவில்லையே. ஆனால் அந்த நியாயமெல்லாம் அப்போது எங்கே வந்தது! ரிசப்ஷனுக்கு இரண்டே நாள். "போச்சு, என் பொழப்பே போச்சு!" என்று காது கேட்காத மனிதரைப் பார்த்துக் கத்தினேன். கங்கையம்மாள்தான் கம்பியைக் காட்டி, உதட்டைப் பிதுக்கி, சத்தம் சரியில்லை என்று ஜாடை செய்தாள்.

அவர் கோபப்படவில்லை. கிட்டாரின் தலைப்பக்கத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு, மீட்டு என்று கையைக் காட்டினார். மீட்டினேன். கண்ணை மூடிக்கொண்டார். "கம்பி எங்கியோ ஒரசுது. பல்லு கூசுது" என்றார். பிறகு கொட்டகையில் கட்டியிருந்த துணிக்கொடியைச் சுண்டிவிட்டு, அது ஆடுவதையே பார்த்துக்கொண்டு நின்றார். "நடுவுல வயிறு தள்ளுது பாரு. அதுக்கு எடம் உடணும். நான் உடலியே!" யாரும் சொல்லித்தராமல் அந்த மனிதர் தானே கண்டுபிடித்தார்.

சனிக்கிழமை முழுக்க அரத்தை வைத்து நடு மெட்டுகளை ராவினார். நாலு ராவு, ஒரு கடி. மறுபடி நாலு ராவு, ஒரு கடி. சாயங்காலம் கடித்த பல்லோடு சிரித்தார். மீட்டிக்கொண்டிருந்த எனக்கு உடம்பு சிலிர்த்துப்போயிற்று. ஒன்பது வருஷத்தில் அந்தக் கிட்டார் அப்படிப் பேசினதே இல்லை. காலில் விழுந்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது, சத்தியமாக.

ஞாயிற்றுக்கிழமை திருநீர்மலை மண்டபத்துக்கு அவரையும் அழைத்துப்போனேன். சலவை வேட்டி கட்டிக்கொண்டு, கிட்டார் பெட்டியை என்னிடம் தராமல் தானே தூக்கிவந்தார். மேடை ஓரமாக நின்று கடைசிப் பாட்டு வரைக்கும் என் விரல்களையே பார்த்தார். ஒரு கிர்ர் இல்லை, ஒரு பிசிறு இல்லை. சார் முன்னெச்சரிக்கையாக வரச்சொல்லியிருந்த பல்லாவரத்துக்காரன் தன் கிட்டாரைப் பெட்டியிலிருந்து வெளியே எடுக்கவே இல்லை.

முடிந்ததும் ஏகநாதன் சார் நேரே என்னிடம் வந்தார். கிட்டாரை வாங்கிக் கழுத்தைத் தடவினார். "என்ன அருள்மேரி, ஃபாரின் கிட்டார் தோத்துடும் போலிருக்கே! எங்க பண்ணினே? மவுண்ட் ரோடா?"

முனிரத்தினம் என் பக்கத்தில்தான் நின்றார். கதவு செய்கிறவர் போட்ட கழுத்து, உலக்கைப் பலகை என்று சொன்னால் சாரின் முகம் எப்படி மாறும் என்று எனக்குத் தெரியும். அப்புறம் கேட்காத பிசிறெல்லாம் அவர் காதில் கேட்கும். கைக்கு வந்த இடம் போய்விடுமோ என்று பயந்துவிட்டேன்.

"ஆமா சார். மவுண்ட் ரோடுதான்."

"அந்த ஆள் கைக்குத் தங்கக் காப்பு போடணும்" என்று சிரித்துக்கொண்டே கழுத்தைத் தட்டினார் சார்.

அந்தச் சிரிப்பையும் தட்டலையும் முனிரத்தினம் பார்த்தார். தன்னைத்தான் பாராட்டுகிறார் என்று நினைத்து, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார். பெட்டி தூக்க வந்த ஆள் என்று சார் நினைத்திருக்க வேண்டும். லேசாகத் தலையை அசைத்துவிட்டுப் போய்விட்டார். நான் வெட்கத்தில் குனிந்து கிட்டாரைப் பெட்டியில் வைத்து மூடினேன்.

திரும்பும்போது பஸ்ஸில் நல்ல கூட்டம். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த முனிரத்தினம் என் பக்கம் திரும்பினார்.

"எம்பேர அந்த சாராண்ட சொன்னியாம்மா?"

அவர் குரலுக்கு பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.